பிரேக் யார் காலடியில்?

லாரி ஓட்டுபவரிடம் லைசன்ஸ் கேட்கிறோம், பத்தாவது மாடிச் சாரத்தில் நிற்பவரிடம் ஏன் கேட்பதில்லை? சென்ற இதழில் ஒரு கட்டடப் பொறியாளர் எழுப்பியிருந்த கேள்வி இது. கட்டுமானத் தொழிலாளர் ஒவ்வொருவரும் பாதுகாப்புப் பயிற்சி முடித்து, தேர்வெழுதி, உரிம அட்டை வாங்க வேண்டும் என்கிறார். அட்டை இல்லாதவரை சைட்டுக்குள் விடக் கூடாது என்கிறார். கட்டணத்தையும் தொழிலாளியே கட்ட வேண்டும், கைக்காசு போனால்தான் அதன் அருமை தெரியும் என்கிறார். இப்படிச் செய்தால் விபத்துகள் நின்றுவிடும் என்பது அவர் முடிவு. அந்தக் கட்டுரையில் கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆள் என்று எல்லாரும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார்கள். கட்டடத்தின் சொந்தக்காரர் ஓரிடத்திலும் இல்லை. ஒப்பந்ததாரர் ஒரே ஒரு முறை வருகிறார், அதுவும் ஒன்றும் தெரியாத ஆட்களை வைத்துக்கொண்டு அல்லல்படும் மனிதராக.

அந்த உவமையிலிருந்தே தொடங்குகிறேன், அவர் வாதம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. லாரி ஓட்டுநரிடம் உரிமம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஸ்டியரிங் அவர் கையில், பிரேக் அவர் காலடியில். குறுக்கே குழந்தை ஓடிவந்தால் முதலாளியைக் கேட்காமல் அவரால் வண்டியை நிறுத்த முடியும். சாரத்தில் நிற்பவருக்கு அப்படி ஒரு பிரேக் கிடையாது. சாரத்துக்குச் சவுக்குக் கம்பு போதுமா, இரும்புக் குழாய் வேண்டுமா என்பதை அவர் தீர்மானிக்கவில்லை. நிற்பதற்கு ஒரு பலகையா இரண்டு பலகையா, கீழே வலை கட்டுவதா வேண்டாமா, இந்தத் தளம் எந்தத் தேதிக்குள் போட்டு முடிய வேண்டும் என எதிலும் அவருக்குச் சொல் இல்லை. ரெடிமிக்ஸ் லாரி வந்து வாசலில் நின்றுவிட்டால், உள்ளே கலவை இறுகத் தொடங்குவதற்குள் கொட்டியாக வேண்டும். அந்த நேரத்தில் முட்டு ஆடுகிறது என்று சொல்லும் சென்ட்ரிங் ஆளுக்கு என்ன பதில் கிடைக்கும் என்பதை சைட்டில் ஒரு வாரம் நின்றவர்கூட அறிவார்.

முட்டு பிரிப்பதையே எடுத்துக்கொள்வோம். தளம் போட்டபின் இரு தாங்கலுக்கு இடையே நாலரை மீட்டர் வரை இருந்தால் முட்டுகளை 7 நாட்களும், அதற்கு மேல் இருந்தால் 14 நாட்களும் எடுக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணய விதி 456. பொறியாளருக்கு இது மனப்பாடமாகத் தெரியும். ஆனால் சென்ட்ரிங் சீட்டுக்கும் முட்டுக்கும் நாள் வாடகை ஓடுகிறது, அடுத்த சைட்டில் அதே சீட்டுக்காக ஆள் காத்திருக்கிறார். ஐந்தாம் நாளே பிரி என்று போனில் உத்தரவு வருகிறது. பிரிக்கப் போகிறவர் அந்தத் தளத்துக்குக் கீழேதான் நிற்கிறார். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை ஏறக்குறைய இரண்டரை டன். சட்டைப் பையில் உரிம அட்டை இருந்தால் அந்த இரண்டரை டன்னுக்கு என்ன தெரியும்? அந்த போன் உத்தரவைப் போட்டவரிடம் உரிமம் கேட்க வேண்டும் என்று கட்டுரையின் எந்த வரியிலும் இல்லை.

நான் இதைத் தூரத்தில் நின்று பேசவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கட்டுமான சைட்டுகளில் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவன். காலை எட்டு மணிக்கு ஆட்களை வரிசையில் நிறுத்தி, ஹெல்மெட் வாரை எப்படி மாட்டுவது, பெல்ட் கொக்கியை எங்கே போடுவது, பள்ளத்தின் விளிம்பில் மண்ணைக் குவிக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்து, கடைசியில் பதிவேட்டில் கையெழுத்தும் கைரேகையும் வாங்குவது என் வேலை. பயிற்சி மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. அதனால்தான் அதன் பெயரைச் சொல்லி இப்படி ஒரு வாதம் அச்சேறும்போது கோபம் வருகிறது.

சென்னைக்குத் தெற்கே ஓர் அடுக்குமாடி சைட். ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர், இருபத்திரண்டு வயது இருக்கும். காலையில் என் வகுப்பில் முன்வரிசையில் நின்றவர். கொக்கி மாட்டுவதை இரண்டு முறை சரியாகச் செய்து காட்டினார், மற்றவர்கள் கைதட்டினார்கள். மாலை மூன்று மணிக்கு மூன்றாவது மாடி விளிம்பிலிருந்து விழுந்தார். பெல்ட் இடுப்பில்தான் இருந்தது. கொக்கியை மாட்டுவதற்கு அங்கே கயிறு இல்லை. விளிம்புத் தடுப்புக் குழாய்களைப் பக்கத்து பிளாக்குக்குக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள், அங்கே குழாய் பற்றாக்குறை. முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

அரை மணி நேரத்தில் எனக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஆம்புலன்ஸ் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. “காலை ரிஜிஸ்டர் எங்கே, அந்தப் பையன் கையெழுத்து இருக்கா?” என்று கேட்டார்கள். இருந்தது. அந்த ஒரு கையெழுத்தை வைத்து விபத்து அறிக்கை எழுதினார்கள்: பயிற்சி பெற்றிருந்தும் கொக்கியை மாட்டாமல் அலட்சியமாக இருந்ததால் விபத்து நேர்ந்தது. கயிறு இல்லாததைப் பற்றி ஒரு சொல் இல்லை. பயிற்சியாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. அன்றிலிருந்து எந்தப் பயிற்சித் திட்டத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: விபத்து நடந்த மறுநாள் இந்தக் காகிதம் யார் பக்கம் நின்று பேசும்? பொறியாளர் கேட்கும் உரிம அட்டை யார் பக்கம் நிற்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்று ஒரு நாள் பதிவேடு செய்வதை நாளை அந்த அட்டை நாடு முழுவதும் செய்யும்.

விபத்துகளில் பெரும்பங்கு தொழிலாளியின் தவறால்தான் என்பதற்கு அவர் தரும் ஆதாரம் 88 சதவீதம் என்ற எண். எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். 1931இல் அமெரிக்காவின் ஹெச். டபிள்யூ. ஹெய்ன்ரிக் தொழிற்சாலை விபத்துத் தடுப்பு பற்றி எழுதிய நூலில் வந்த எண் அது. ஹெய்ன்ரிக் டிராவலர்ஸ் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் ஊழியர். 75,000 விபத்துகளின் கோப்புகளைப் பார்த்து, 88 சதவீதம் ஆட்களின் பாதுகாப்பற்ற செயலால், 10 சதவீதம் பாதுகாப்பற்ற சூழலால், 2 சதவீதம் தவிர்க்க முடியாதவை என்று பிரித்தார். அந்த அறிக்கைகளில் காரணத்தை எழுதியவர்கள் மேற்பார்வையாளர்களும் முதலாளிமார்களும். விழுந்தவரை யாரும் கேட்கவில்லை. மூலக் கோப்புகள் இன்று யாரிடமும் இல்லை, மறுபடி சரிபார்க்க வழியும் இல்லை. பாதுகாப்புத் துறைக்குள்ளேயே இந்த எண் பல ஆண்டுகளாகக் கேள்விக்கு உள்ளாகிவருகிறது. என் பதிவேட்டை வைத்து எழுதிய அறிக்கை போன்ற எழுபத்தைந்தாயிரத்தை அடுக்கிக் கூட்டினால் 88 என்ன, 98கூட வரும்.

கோப்புகளை விட்டுவிட்டு நம் கண்ணெதிரே நடந்தவற்றைப் பார்ப்போம். 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம், விஜயநகரம் பக்கமிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள், நம் ஊர்க்காரர்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ரெகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. கட்டமைப்பு வடிவமைப்பிலேயே பிழை, மேலே ஏறிய பாரத்தைத் தூண்கள் தாங்கும் நிலையில் இல்லை என்பது வெளிவந்தது. அருகிலிருந்த இரண்டாவது கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த 61 பேரும் உலகத்திலேயே சிறந்த பயிற்சி பெற்றிருந்தாலும், ஒவ்வொருவர் கழுத்திலும் அட்டை தொங்கியிருந்தாலும், தூணின் அளவு ஒரு அங்குலம் கூடியிருக்காது. தூணின் அளவைப் போட்டவர்கள் படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், முத்திரை குத்திக் கையெழுத்துப் போடும் தகுதி உடையவர்கள். உரிமம் இருந்த இடத்தில்தான் பிழை நடந்தது. இதைப் பற்றிப் பொறியாளர் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதினால் கூண்டில் நிற்பவர்கள் மாறிவிடுவார்கள்.

2024 பிப்ரவரி 7. உதகை அருகே லவ்டேல் பகுதியில் ஒரு வீட்டு வேலைக்காகத் தடுப்புச் சுவர் கட்ட மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே ஒரு பழைய கழிப்பறைக் கட்டடம். மண் சரிந்து கட்டடம் இடிந்து விழுந்ததில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள், ஆறு பேரும் பெண்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும். மார்பு வரை மூடினாலே நுரையீரலை விரிக்க முடியாது, தலை வெளியே இருந்தாலும் மூச்சு நின்றுவிடும். அந்தச் சரிவில் அந்தக் கட்டடத்தின் அடியில் எவ்வளவு ஆழம் தோண்டலாம், முதலில் எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் சட்டி சுமக்கும் பெண் தீர்மானிக்கிற விஷயமா?

சின்ன வீட்டு வேலை, விவரம் தெரியாத மேஸ்திரி, அதனால் நடந்தது என்று அவர் பதில் சொல்லலாம். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்பு அமைப்பு சரிந்து ஒன்பது வெளிமாநிலத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அது அரசுத் திட்டம், பெரிய சைட், பாதுகாப்பு அதிகாரிகளும் பயிற்சிப் பதிவேடுகளும் இருக்கும் இடம்.

சிங்கப்பூருக்கு வருகிறேன். அங்கே பாதுகாப்புப் பாடம் தேறாமல் யாரும் கட்டுமான சைட்டில் கால் வைக்க முடியாது என்று பொறியாளர் எழுதியது உண்மை. நம் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சைப் பிள்ளைகள் இங்கேயே பயிற்சி மையத்தில் சேர்ந்து டெஸ்ட் அடித்து, ஏஜெண்டுக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள். ஆனால் சிங்கப்பூரில் சாவு குறைந்ததற்கு அந்த அட்டைதான் காரணம் என்பது பாதிக் கதையைக்கூடச் சொல்லாத கதை.

2004 ஏப்ரல் 20 அன்று அங்கே நிக்கல் நெடுஞ்சாலையை ஒட்டி மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிய பெரும்பள்ளத்தின் தாங்குசுவர் நொறுங்கி விழுந்தது. நான்கு பேர் இறந்தார்கள். தன் ஆட்களை மேலே அனுப்பிவிட்டுத் தான் சிக்கிக்கொண்ட மேற்பார்வையாளர் ஒருவரின் உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை. விசாரணைக் குழு கண்டது என்ன? தாங்குசுவரைப் பிடித்திருந்த எஃகுக் கட்டைகளின் இணைப்பு வடிவமைப்பில் பிழை. சுவர் நகர்வதை அளவீடுகள் முன்பே காட்டியும் வேலை நிறுத்தப்படவில்லை. அதே ஆண்டில் இன்னும் இரண்டு பெரிய விபத்துகள் நடந்தன. அந்த அரசு அதிலிருந்து எடுத்த முடிவு, பழைய தொழிற்சாலைச் சட்டத்தைத் தூக்கிவிட்டு 2006 மார்ச் 1 முதல் புதிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆபத்தை யார் உண்டாக்குகிறாரோ அதைக் குறைக்கும் பொறுப்பும் அவருடையது என்பது அதன் அடிப்படை. நிறுவனத்துக்கு அபராதம் முதல் முறையே 5 லட்சம் சிங்கப்பூர் டாலர் வரை போகலாம். ஆய்வாளர் வந்து பார்த்து சைட்டையே நிறுத்த முடியும். குறைப் புள்ளிகள் சேர்ந்தால் அந்த நிறுவனம் வெளிநாட்டு ஆட்களை எடுக்கவே முடியாது. ஆள் இல்லாமல் அங்கே கட்டுமான முதலாளிக்குப் பிழைப்பு இல்லை, கை வைத்தது அந்த மடியில். 2022இல் மறுபடி சாவுகள் கூடியபோது (அந்த ஆண்டு மொத்தம் 46), பெரிய விபத்து நடந்த நிறுவனத்தின் தலைமை அதிகாரியே நேரில் வந்து அமைச்சகத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று ஆணையிட்டார்கள். 2004இல் ஒரு லட்சம் பேருக்கு 4.9 ஆக இருந்த பணியிட மரண விகிதம் 2023இல் 0.99. தொழிலாளி கழுத்து அட்டையை மட்டும் படமெடுத்து நமக்குக் காட்டிவிட்டு, முதலாளி கழுத்தில் மாட்டிய கயிற்றை மறைத்திருக்கிறார் நம் பொறியாளர்.

அங்கே உள்ளதெல்லாம் நியாயம் என்று நான் சொல்லவில்லை. வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருப்பதால், கடன் தீராத நம் பிள்ளைகள் சாரம் ஆடுவதைப் பார்த்தும் வாய் திறக்கப் பயப்படுகிறார்கள். அட்டைக்கான செலவைத் தொழிலாளி தலையில் கட்டினால் பாதுகாப்பு கூடாது, பயம்தான் கூடும். பொறியாளர் இங்கே கொண்டுவர விரும்புவது சிங்கப்பூர் ஏற்பாட்டின் அந்த மோசமான பாதியை.

நம் சட்டத்துக்கு வருவோம். கட்டுமானத் தொழிலாளர்களுக்கு மையச் சட்டம் வேண்டுமென்று 1985இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் பிரச்சாரக் குழு அமைத்துப் போராடியவர்கள், பொறியாளரின் பார்வையில் ஒன்றும் அறியாத இந்தத் தொழிலாளர்களின் சங்கங்கள். பதினோரு ஆண்டுகள் கழித்து 1996இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் 47ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பாதுகாப்பு விதியை மீறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீறல் தொடர்ந்தால் நாளுக்கு 100 ரூபாய். ஒரு நல்ல பெல்ட்டின் விலையைவிட விதியை மீறுவது மலிவு என்று சட்டமே எழுதி வைத்திருந்தது. கால் நூற்றாண்டு ஓடிய பிறகு 2020ஆம் ஆண்டுப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இதை மாற்றியது: சாவு நேர்ந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். 2025 நவம்பர் 21 அன்று அது நடைமுறைக்கு வந்ததாக அறிவித்தார்கள். இது நல்ல மாற்றம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே சட்டம் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கட்டுமானத்தையும், 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொந்த வீட்டு வேலையையும் கட்டுமானப் பணி என்ற வரையறைக்கு வெளியே தள்ளிவிட்டது. பழைய சட்டத்தில் சொந்த வீட்டுக்கான அந்த வரம்பு 10 லட்சமாக இருந்தது. நம் ஊரில் வீடு கட்டும் வேலையில் பெரும்பகுதி எங்கே நடக்கிறது? ஒரு மேஸ்திரி, இரண்டு கொத்தனார், நான்கு சித்தாள் என்று நடக்கிற இந்தச் சின்ன சைட்டுகளில்தான். பாதுகாப்பு அதிகாரி வேண்டுமென்றால் அந்த சைட்டில் 250 பேர் இருக்க வேண்டும். சட்டமே எட்டிப் பார்க்காத இடத்தில் நிற்கும் சித்தாளிடம் அட்டை எங்கே என்று கேட்கச் சொல்கிறார் பொறியாளர்.

அதே சைட்டின் மேஸ்திரியை யார் கேட்டார்கள்? வீடு கட்ட ஒப்பந்தம் எடுக்கும் தனியாரிடம் ஆள் கணக்கு, வரிக் கணக்கு கேட்கிறார்களே தவிர, மண்ணைப் பார்த்து அஸ்திவாரம் சொல்லத் தெரியுமா, சாரம் கட்டத் தெரியுமா என்று ஒரு தேர்வும் இல்லை. முடி வெட்டும் கடைக்கு உள்ளாட்சி உரிமம் கேட்கிற ஊரில், மூன்று மாடி வீட்டை எழுப்புகிறவருக்குத் தொழில் தெரியும் என்று சான்று தர யாரும் இல்லை. பொறியாளர் உரிமத்தை இவ்வளவு நேசிப்பவராக இருந்தால் இங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

தொழிலாளி மட்டத்தில் உரிமம் எப்படிப் போகும் என்பதற்கு நம் சைட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. வயரிங் வேலைக்குத் தமிழ்நாட்டில் பல காலமாகத் தகுதிச் சான்று தேவை. சான்று ஒருவர் பெயரில் இருக்கும், சுவரை வெட்டிக் குழாய் பதித்துக் கம்பி இழுப்பது சான்றே இல்லாத நான்கு பையன்களாக இருக்கும். விண்ணப்பத்தில் கையெழுத்து வரும், கையெழுத்துப் போட்டவர் வரமாட்டார். மின்சாரம் போன்று அளந்து சோதிக்கக்கூடிய வேலையிலேயே இந்த நிலை. டவர் கிரேன் இயக்குபவர், லிப்ட் இயக்குபவர், உயரச் சாரம் கட்டுபவர் இவர்களுக்குச் சான்று கட்டாயம் என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். அவர்கள் கையில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, அவர்கள் தவறினால் பிறர் சாவார்கள். அந்த வாதத்தைச் சாந்துச் சட்டி தூக்கும் பெண் வரை நீட்டுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், கட்டுரையாளர் அவளை ஒரே வாக்கியத்தில் கடந்துபோனார். தலையில் சும்மாடு வைத்துச் செங்கல் சுமக்கிற சித்தாள் இருபது வருடம் சைட்டில் இருந்தாலும் சித்தாள்தான். கூட வேலைக்குச் சேர்ந்த பையன் நாலைந்து வருடத்தில் கரணை பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான். கலவை பதம் அவளுக்கும் தெரியும், தூக்குக்குண்டு விட்டு மட்டம் பார்க்கவும் தெரியும், ஆனால் கரணையை யாரும் அவள் கையில் கொடுப்பதில்லை. எழுத்துத் தேர்வு, கட்டணம், மூன்று நாள் வகுப்பு, நகரத்தில் மையம் என்று வைத்தால் முதலில் வெளியே நிற்கப் போகிறவள் அவள். மூன்று நாள் வகுப்பு அவளுக்கு மூன்று நாள் கூலி. அதை யார் தருவார் என்று கட்டுரையில் இல்லை. வெளிமாநில ஆட்களின் நிலையும் இதுவே. ஒடியா பேசுபவருக்கும் வங்காளம் பேசுபவருக்கும் இந்தி வராமல் இருக்கலாம் என்பதுகூடத் தெரியாமல் ஒரே இந்தி வீடியோவைப் போட்டு முடித்த வகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

பணம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் தொழிலாளர் நலனுக்காக வரியாக வசூலிக்கப்படுகிறது. நாடு முழுவதும் 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகி, அதில் ஏறக்குறைய 9,500 கோடி மட்டுமே செலவழிந்திருப்பதை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 19 தீர்ப்பில் எடுத்துக் காட்டியது. செலவழித்ததிலும் லேப்டாப்பும் வாஷிங் மெஷினும் வாங்கிய கணக்கு அதற்கு முன்பே நீதிமன்றத்தில் வெளியானது. அந்தப் பணத்தில் தொழிலாளியின் மொழியில், அவர் சைட்டிலேயே, முழு நாள் கூலியோடு பயிற்சி கொடுக்க முடியும். தன் பெயரில் கிடக்கும் அந்தப் பணத்தைத் தொட முடியாத தொழிலாளியின் கையிலிருந்து இன்னொரு கட்டணம் பிடுங்கச் சொல்வது கொடுமை.

பொறியாளரின் கட்டுரையில் என்னை மிகவும் உறுத்தியது, அட்டை வாங்கியபின் விபத்து நடந்தால் இழப்பீட்டைக் குறைக்கலாம் என்ற யோசனை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை அவர் எடுத்துப் பார்க்கட்டும். குடித்திருந்தார், பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறினார், காப்புக் கருவியைக் கழற்றினார் என்று முதலாளி வாதிடலாம் என்று அது ஒரு வழி விட்டிருந்தது. ஆனால் சாவோ முழுமையான நிரந்தர ஊனமோ நேர்ந்தால் அந்த வாதம் செல்லாது என்றும் பின்வந்த திருத்தங்களோடு அதே இடத்தில் எழுதியிருந்தது. தொழிலாளியே தவறு செய்திருந்தாலும் அவர் குடும்பம் தெருவில் நிற்கக் கூடாது என்ற அளவுக்காவது அந்தப் பழைய சட்டத்தில் ஈரம் இருந்தது.

இனி, அந்த பிரேக். கட்டுமானப் பாதுகாப்பு பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1988ஆம் ஆண்டு உடன்படிக்கை, 167ஆம் எண், தன் 12ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம், அது அவர் உரிமை. இந்தியா அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. நம் 2020 சட்டம் ஆபத்தைக் கண்டால் முதலாளியின் கவனத்துக்கும் ஆய்வாளரின் கவனத்துக்கும் கொண்டுபோகலாம் என்கிறது. முதலாளிக்குத் திருப்தி ஏற்பட்டால் அவர் நடவடிக்கை எடுப்பார். அதுவரை தொழிலாளி எங்கே நிற்பார்? அந்தச் சாரத்தில்தான், அந்தப் பள்ளத்தில்தான். சைட்டை நிறுத்தும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுங்கள், நிறுத்திய நாளுக்கும் கூலி உண்டு என்று எழுதுங்கள், அப்புறம் என்ன பயிற்சி வேண்டுமானாலும் வையுங்கள். நானே வந்து வகுப்பு எடுக்கிறேன்.

காஞ்சிபுரம் பக்கம் ஒரு சைட்டில் பள்ளத்து வேலை பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். சுவரில் படம் காட்டி, மண்ணில் வெடிப்பு தெரிந்தால் உடனே மேலே ஏறிவிட வேண்டும் என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார், ஐம்பது வயது இருக்கும், புடவைக்கு மேல் ஆண் சட்டை போட்டிருந்தார். “நான் மேல ஏறி உக்காந்துட்டா இன்னிக்குக் கூலி யாரு சார் தருவாங்க? நாளைக்கு என்னைக் கூப்பிடுவாங்களா?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சைட் இன்ஜினியர் வாசலில் நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த படத்தைப் போட்டேன்.